டிரெட்மில்லே போதும் என்றேன்

என் வேலை என்னவென்று சொன்னால் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகம். தனியார் மருத்துவமனைகள் காப்புறுதி நிறுவனங்களுக்கு அனுப்பும் விண்ணப்பங்களைப் பார்த்து, இந்த நோயாளிக்கு இந்தப் பரிசோதனை தேவைதானா, இதைவிட மலிவானது ஒன்று போதாதா என்று கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர்கள் போனில் என்னைப் பிடித்துக் கத்துவார்கள். நானும் சளைத்தவள் இல்லை, திருப்பிக் கத்துவேன்.

இருதய விண்ணப்பங்கள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். நெஞ்சு வலி என்று வருகிறவரைச் சோதிக்க வழி ஒன்றா இரண்டா? மார்பில் கம்பி ஒட்டி எடுக்கும் ஈ.சி.ஜி. இருக்கிறது. ஓடுகிற பட்டையின்மேல் நடக்கவிட்டு, மூச்சு வாங்க வாங்க அதே ஈ.சி.ஜி.யைப் பார்க்கும் டிரெட்மில் இருக்கிறது. கர்ப்பிணிக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேனை நெஞ்சில் வைத்துப் பார்த்தால் எக்கோ. நரம்பில் சாயம் ஏற்றி இருதயத்தின் ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தால் சி.டி. எல்லாவற்றுக்கும் மேலே ஆஞ்சியோ, மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு நேராகவே போய்ப் பார்ப்பது. ஒவ்வொரு படி ஏறும்போதும் பில்லும் ஏறும். அதனால் கீழ்ப்படியிலிருந்து ஆரம்பியுங்கள், தேவைப்பட்டால் மேலே போங்கள் என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். அது முட்டாள்தனமான வழி இல்லை, இன்றைக்கும் சொல்வேன். எல்லாருக்கும் சி.டி. எடுக்க ஆரம்பித்தால் அடுத்த வருஷம் யாராலும் காப்புறுதிப் பணம் கட்ட முடியாது.

இந்தப் பெருமையோடு இருந்தவள்தான் நான், அண்ணன் என் வீட்டு மாடிப்படியில் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைவரை.

நான் தனிக்கட்டை. கிள்ளானில் லிஃப்ட் இல்லாத பிளாட்டில் நான்காவது மாடி. அண்ணன் பண்டமாரானில் இருக்கிறார், துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர், ஐம்பத்தாறு வயது. மாதம் ஒருமுறை எனக்கு அரிசி வாங்கிக்கொண்டு வந்து போடுவார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். அன்றைக்கும் பத்துக் கிலோ மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். நான் பின்னால் வந்தேன். இரண்டாவது மாடியில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையால் இடது தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"என்னண்ணே?"

"பல்லு வலி லா. ஏறுனா இழுக்குது, நின்னா விட்டுரும்."

"எந்த ஊர்ல பல்லு படி ஏறும்போது மட்டும் வலிக்கும்?"

"அதான் தெரியல. போன மாசம் பல்லையே புடுங்கியாச்சு. வலி மட்டும் போகல."

நெஞ்சில் வராமல் தாடையிலும் தோளிலும் வருகிற வலியைப் பற்றி எத்தனை விண்ணப்பங்களில் படித்திருப்பேன்! நடந்தால் வரும், நின்றால் போகும். அது பல் இல்லை. ஒரு நல்ல பல்லைத் தண்டமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து நிற்கிறார் மனுஷன்.

வீட்டுக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். எத்தனை நாளாக இருக்கிறது, அண்ணிக்குத் தெரியுமா, யாரிடமாவது காட்டினீர்களா என்று விடாமல் கேட்டேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். அரசாங்கக் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்தார்களாம், அது நன்றாகத்தான் இருந்ததாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்களாம். தேதி கிடைத்திருப்பது நான்கு மாதம் கழித்து. "நாலு மாசம்தானே, ஓடிரும்" என்றார். நான்கு மாதம் ஓடும், நீங்கள் ஓடுவீர்களா என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அந்த வாரமே ஒரு தனியார் மருத்துவமனையில் இருதய டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கினேன்.

கார் நிறுத்துமிடத்தில்தான் எல்லாம் கெட்டது. இறங்கப் போனவளை அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உள்ள போயி மாடிப்படி கதையெல்லாம் சொல்லாத."

"ஏன்?"

"அடுத்த மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கணும். டாக்டர் பாரத்துல கையெழுத்துப் போடணும். நடந்தா வலிக்குதுன்னு ஒரு எடத்துல எழுதுனா போச்சு, லோரியத் தொட விடமாட்டான். மவ இன்னும் ஒன்றரை வருசம் படிக்கணும். அது முடியட்டும், அப்புறம் நானே எறங்கிர்றேன்."

"அப்ப எதுக்கு டாக்டர்கிட்ட வந்தோம்? மூஞ்சியப் பாக்கவா?"

"படம் எடுக்கட்டும். இருந்தா படத்துல தெரியப்போவுது. வாயத் தொறந்து நாம ஏன் சொல்லணும்?"

சொல்லிக்கொண்டே என் வலது கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "என் தலமேல சத்தியம் பண்ணு, சொல்லமாட்டேன்னு."

நான் தினமும் ரிப்போர்ட்டும் புள்ளிவிவரமும் பார்க்கிறவள். சத்தியம், சகுனம் என்று யாராவது சொன்னால் கேலி பண்ணுகிறவள். ஆனால் உள்ளங்கையில் அண்ணனின் தலைச்சூடு பட்டபோது எனக்குக் கேலி வரவில்லை. எங்கள் வீட்டில் தலையில் அடித்துச் சத்தியம் செய்தால் மீறக்கூடாது. மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது. இப்படிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். "சரி" என்றேன்.

டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பெண். பொறுமையாகக் கேட்டாள்.

"அங்கிள், நடக்கும்போது, படி ஏறும்போது, நெஞ்சு, தாடை, கை, எங்கயாச்சும் வலிக்குதா?"

"இல்ல டாக்டர். சாப்ட்டா காத்து மாதிரி அடைக்குது. ஏப்பம் விட்டா போயிருது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அதுதான். டாக்டர் எழுதிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்டி, நீங்க ஏதாச்சும் கவனிச்சீங்களா?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் இருதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனதில் இரண்டாவது மாடியும் சுவரும் வெளிறிய முகமும் அப்படியே நின்றன. டாக்டர் பேனாவோடு காத்திருந்தாள்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

எக்கோ அன்றைக்கே பார்த்தாள். இருதயத்தின் நான்கு சுவர்களும் நன்றாக அசைகின்றன, பம்ப் நன்றாக வேலை செய்கிறது என்றாள். அடுத்து என்ன என்பதற்கு இரண்டு வழி சொன்னாள். நேராக சி.டி. எடுத்தால் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று தெளிவாகத் தெரிந்துவிடும், ஆனால் செலவு அதிகம். அங்கிள் சொல்வதைப் பார்த்தால் இது இருதய வலி மாதிரி தெரியவில்லை, டிரெட்மில்லில் ஆரம்பிக்கலாம் என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். வீட்டில் இந்த விஷயமெல்லாம் தெரிந்தவள் நான்தானே.

"டிரெட்மில்லே போதும்" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்குள் ஓர் அற்பத் திருப்தி இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரான் வீட்டுப் பணத்தை மட்டுமில்லை, என் வீட்டுப் பணத்தையும் இப்படித்தான் பார்ப்பேன் என்ற திருப்தி. சத்தியத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பாதிதான் சத்தியம், மீதி என் கெட்டிக்காரத்தனம்.

இரண்டு நாள் கழித்து டிரெட்மில். அறையின் மூலையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு, மார்பெல்லாம் கம்பியோடு பட்டைமேல் ஏறினார். முதல் சில நிமிஷம் சிரித்துக்கொண்டே நடந்தார். "நம்ம ஊரு பாசார்ல நடக்கிற மாதிரிதான் இருக்கு லா" என்று அங்கிருந்த பணியாளரிடம் விளையாட்டுப் பேச்சு வேறு. பட்டை வேகமெடுத்தது, முன்பக்கம் உயர்ந்தது. சிரிப்பு நின்றது. பிறகு கம்பிப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு கணம் இடது கை பிடியை விட்டுவிட்டுத் தாடைக்குப் போனது.

நான் பார்த்தேன். பணியாளர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ஓக்கேயா? வலிக்குதா?"

"முட்டி... முட்டி வலி. நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். அண்ணன் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் எழுந்து போய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். முதுகு குளிர்ந்திருந்தது. "அண்ணே, சொல்லிரலாம்ணே" என்று காதருகில் கெஞ்சினேன். அவர் என் கையை எடுத்து மறுபடியும் தன் தலைமேல் ஒருமுறை வைத்துவிட்டு எடுத்தார். நான் திரும்பிப் போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

ரிப்போர்ட்டில் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. நடந்தவரையில் அடைப்புக்கான அறிகுறி தென்படவில்லை என்றது மேல்வரி. தேவையான இருதயத் துடிப்பை எட்டுவதற்குள் நிறுத்தியதால் முடிவு சொல்ல இயலாது என்றது கீழ்வரி. டாக்டர் கீழ்வரியைக் காட்டி, சி.டி. எடுத்துவிடுவது நல்லது என்றாள். முட்டி சரியில்லாதவருக்கு அதுதான் பொருத்தம் என்றாள். அண்ணனுக்கு மேல்வரி போதும். "ஒன்னுமில்லன்னுதானே போட்டிருக்கு? அப்புறம் பாக்கலாம் டாக்டர்" என்று எழுந்துவிட்டார். அந்தக் காகிதத்தை அண்ணியிடம் காட்டினார், லோரி யார்டில் காட்டினார். லைசென்ஸ் டாக்டரிடமும் காட்டியிருப்பார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். கிழித்து என்ன? கீழ்வரியின் அர்த்தம் அந்தக் குடும்பத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தை எப்படிச் சொல்வது? காலையில் கொமுட்டர் ரயிலில் ஏறினால் ஜன்னல்வழியே ஃபெடரல் ஹைவே தெரியும் இடங்களில் நான் லோரிகளைத் தேடுவேன். அண்ணன் ஓட்டுவது நாற்பது அடிக் கொண்டெய்னர். அவருக்கு நடுவழியில் வலி வந்தால் பக்கத்தில் போகிற மோட்டார் சைக்கிள்காரன் கதி என்ன, பள்ளிக்கூட வேன் கதி என்ன? இதை நான் அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை. நான் மறைத்தது என் அண்ணன் ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்டது மட்டுமில்லை என்று புரிந்தபோது ரயிலில் உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். இரண்டு தடவை டாக்டரின் கிளினிக் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். சொன்னால் அந்தத் தலைக்கு ஆகாது. சொல்லாவிட்டாலும் அந்தத் தலைக்கு ஆகாது. படித்தவள், உத்தியோகம் பார்க்கிறவள், இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

நான்காவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அலுவலகத்தில் இருந்தபோது அண்ணி கூப்பிட்டார்.

"ஒங்கண்ணன் பாதி வேலையில வீட்டுக்கு வந்துட்டாரு. பூலாவ் இண்டா ரோட்டோரமா வண்டிய நிறுத்திட்டாராம், யாரோ கார்ல கொண்டாந்து விட்டாங்க. சட்டை நனைஞ்சு பிழியலாம் போல இருக்கு. சுக்குத்தண்ணி கேட்டாரு, குடிச்சிட்டுப் படுத்திருக்காரு. காத்துன்னுதான் சொல்றாரு. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"அண்ணி, ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"சொன்னேன். கத்துறாரு. நீயே பேசு."

பேசினேன். "இப்ப நல்லா இருக்கேன், வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார். என் முன்னால் கணினித் திரையில் யாரோ ஒருவருடைய சி.டி. விண்ணப்பம் திறந்திருந்தது. அதை மூடினேன். படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டு டாக்டரைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை வைக்கவில்லை. மாடிப்படி, தாடை, பிடுங்கிய பல், டிரெட்மில்லில் கை போனது, இன்றைக்கு வியர்த்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். சத்தியத்தை மீறிவிட்டேன், அவருக்கு ஏதாவது ஆனால் என்னால்தான் என்று உளறினேன்.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஆன்டி, டிரெட்மில் நல்ல டெஸ்ட்தான். ஆனா யாருக்கு எந்த டெஸ்ட்னு நான் முடிவு பண்றதே நீங்க சொல்றத வச்சுத்தான். இத அன்னைக்கே சொல்லியிருந்தா அவர நான் அதுல ஏத்தியே இருக்கமாட்டேன். இப்ப பேச நேரமில்ல, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. அவர் வரமாட்டேன்னா ஏதாச்சும் பொய் சொல்லியாவது கூட்டிட்டு வாங்க."

ஆம்புலன்ஸ் என்றால் அண்ணன் கதவைப் பூட்டிக்கொள்வார். பொய்தானே, எங்கள் குடும்பத்துக்கு அது புதுசா? அண்ணியைக் கூப்பிட்டு, லைசென்ஸ் பாரத்தில் இருதய டாக்டருடைய ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, இன்றைக்குள் போடாவிட்டால் செல்லாது என்று சொல்லச் சொன்னேன். அடுத்த நிமிஷம் மனுஷன் எழுந்து சட்டை மாற்றிக்கொண்டாராம். பக்கத்து வீட்டுக்காரர் அதே தனியார் மருத்துவமனைக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து டாக்சி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவரைப் படுக்கவைத்துக் கம்பிகளை ஒட்டியிருந்தார்கள்.

ஈ.சி.ஜி. மாறியிருந்தது. டாக்டர் எக்கோவை எடுத்து வைத்தாள். கறுப்பு வெள்ளையில் இருதயம் துடித்தது. மூன்று சுவர்கள் அசைந்தன. ஒன்று மட்டும் சும்மா நின்றது. எனக்கே தெரிந்தது. டாக்டர் அந்த இடத்தில் கருவியை அழுத்தி, மறுபடி பார்த்து, மறுபடி அழுத்தினாள்.

"இந்தப் பக்கம் அட்டாக் வந்திருக்கு. மூணு வாரத்துக்கு முன்னாடி இது நல்லா இருந்துச்சு."

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கையெழுத்து?"

டாக்டருக்குப் புரியவில்லை. "அங்கிள், உங்க தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றாள். அண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வெறுமனே பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கே அரசாங்கத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். சி.டி. வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை, நேராக ஆஞ்சியோ. மூன்று குழாயிலும் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் ஆகவேண்டும் என்றார்கள். எந்தப் படியை ஏறாமல் மிச்சம் பிடிக்கலாம் என்று நான் பார்த்தேனோ, அத்தனை படியையும் தாண்டி உச்சியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் போகும்வரை அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணியோடு பேசினார், மகளோடு பேசினார், தாதிகளோடு சிரித்தார். நான் கட்டில் பக்கம் போனால் தூங்குவதுபோல் இருந்தார். அன்றைக்கு அறுவை அறையின் கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்த நேரத்தை எந்த விரோதிக்கும் வேண்டமாட்டேன். அண்ணி சுவாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மீறியவள் எந்த முகத்தோடு கேட்பது? மத்தியானம் தாண்டி ஒரு டாக்டர் வெளியே வந்து, முடிந்தது, பிழைத்துக்கொண்டார் என்றார். நடக்கலாம், சின்ன வேலை பார்க்கலாம் என்றார். அந்தச் சுவர் செத்தது செத்ததுதான், இருதயம் இனிமேல் பழைய பலத்துக்கு வராது, லோரியை மறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

ஆறாவது நாள் அண்ணி சாப்பிடக் கீழே போயிருந்தார். நான் கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். நாலு வாய் வாங்கினார். ஐந்தாவதற்கு வாயைத் திறக்கவில்லை.

"அன்னைக்கு அந்தப் புள்ள ஒன்னக் கேட்டுச்சே, ஏதாச்சும் கவனிச்சீங்களான்னு."

"ஆமாண்ணே."

"ஏன் சொல்லல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்கதானே அண்ணே சத்தியம் வாங்குனீங்க? தலமேல கைய வச்சு?"

"வாங்குனேன்." நெஞ்சுக் கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். குரலில் கோபமே இல்லை. சின்ன வயதில் என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, ஏன் இதைத் தப்பாகப் போட்டாய் என்று கேட்பாரே, அந்தக் குரல்தான்.

"பொறந்ததுலேர்ந்து ஒரு நாளாச்சும் என் பேச்சக் கேட்டிருக்கியா நீ? படிக்காதன்னேன், படிச்ச. கல்யாணம் பண்ணிக்கன்னேன், பண்ணல. அரிசி வேணாம் வேணாம்னு இன்னைவரைக்கும் சண்ட போடுற. இந்த ஒன்ன மட்டும் ஏம்மா கேட்ட?"

கரண்டி என் கையில் இருந்தது. கஞ்சி சில்லிட்டிருந்தது.